‘எல்லாவற்றுக்கும் ஆர் போட்டிருக்கிறதே!’ – மருந்துக்கு அடங்காத குடல் தொற்றுகளும் புதிய ஆன்டிபயாட்டிக்குகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வேலை பார்ப்பது ஒரு நுண்ணுயிரியல் ஆய்வகத்தில். கல்ச்சர் ரிப்போர்ட் (நோயாளியின் மாதிரியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்த்த முடிவு) வாங்க வருபவர்கள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே தாளைப் பிரித்துவிடுவார்கள். இடப்பக்கம் மருந்துகளின் பெயர்கள், வலப்பக்கம் ‘எஸ்’ அல்லது ‘ஆர்’. ‘எஸ்’ என்றால் கிருமி அந்த மருந்துக்கு அடங்கும். ‘ஆர்’ என்றால் அடங்காது. பத்து வரியில் எட்டு ‘ஆர்’ இருந்துவிட்டால் கேள்விகள் தொடங்கிவிடும். பல ஆண்டுகளாக ஏறக்குறைய அதே கேள்விகள். ஜன்னல் வழியாகச் சொன்ன பதில்களை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதியிருக்கிறேன். எந்த மருந்து எடுப்பது என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

“பேதி என்றால் ஒரு ஆன்டிபயாட்டிக் கொடுத்துவிட வேண்டியதுதானே மேடம், எதற்கு இத்தனை பரிசோதனை?”

பெரும்பாலான பேதிக்கு ஆன்டிபயாட்டிக் தேவையே இல்லை. குழந்தைகளுக்கு வருவதில் பெரும்பகுதி வைரஸால் வருவது. அதன்மேல் இந்த மருந்துகளுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. பேதியில் உயிரை எடுப்பது நீரிழப்பு. அதற்கு உப்பு சர்க்கரைக் கரைசல் போதும். 1971-இல் மேற்கு வங்க எல்லையிலிருந்த போன்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலநாபிஸ் டிரம்களில் இந்தக் கரைசலைக் கலந்து வைத்துக் கொடுத்தார். முப்பது சதவீதத்தை ஒட்டியிருந்த இறப்பு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது.

மருந்து வேண்டியவையும் உண்டு. ரத்தமும் சீதமும் காய்ச்சலுமாக வரும் ஷிகெல்லா சீதபேதி, கடுமையான காலரா, டைஃபாய்டு, ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டதன் விளைவாகவே வரும் ‘டிஃபிசில்’ பேதி ஆகியவை. கீழே வருவதெல்லாம் இவற்றையும், குடலில் குடியிருந்துகொண்டு சமயம் பார்த்து ரத்தத்துக்கும் சிறுநீர்ப் பாதைக்கும் போகும் ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்றவற்றையும் பற்றியது.

“என் பையனுக்கு ரெசிஸ்டன்ஸ் வந்துவிட்டதாம். இனி அவன் உடம்புக்கு எந்த மருந்தும் ஏறாதா?”

பையனுக்கு வரவில்லை. மருந்துக்கு அடங்காத அந்தத் தன்மை அவனுக்குள் புகுந்த கிருமிக்கு வந்திருக்கிறது. அவன் வாழ்நாளில் ஒரு ஆன்டிபயாட்டிக்கூடச் சாப்பிடாதவனாக இருந்தாலும், வேறொருவர் உடலிலோ ஒரு கோழிப்பண்ணையிலோ பழகிவந்த கிருமி தண்ணீர் வழியாக அவனை வந்தடைந்திருக்கலாம். அடுத்த முறை வேறு கிருமி வந்தால் பழைய மருந்தே வேலை செய்யும்.

நாங்கள் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்று கேட்டு உள்ளே எட்டிப் பார்ப்பவர்களுக்குத் தட்டையே காட்டிவிடுவேன். கஞ்சி உறைந்தாற்போல் வெளிறிய அகார் தட்டு. அதன்மேல் கிருமியைப் பஞ்சுக்குச்சியால் மூன்று திசையிலும் பூசுகிறோம். மருந்து ஊறிய காகித வில்லைகளை வைத்து 35 டிகிரியில் ஓர் இரவு விடுகிறோம். காலையில் மருந்து வேலை செய்த இடத்தில் வில்லையைச் சுற்றித் தெளிவான வட்டம் இருக்கும். ஸ்கேலை வைத்து அளக்கிறோம். ஈ.கோலை குடும்பத்துக்கு செஃப்ட்ரியாக்சோன் வில்லை என்றால், வட்டம் 23 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் ‘எஸ்’. 19 அல்லது அதற்குக் கீழே என்றால் ‘ஆர்’. சில தட்டுகளில் வட்டமே இருக்காது. வில்லையின் விளிம்புவரை கிருமி பாயலாகப் படர்ந்திருக்கும். இத்தனை ஆண்டு பார்த்தும் அது கண்ணுக்குப் பழகவில்லை.

“முன்பெல்லாம் டைஃபாய்டுக்கு ஒரே மாத்திரையில் சரியாகுமே. எப்போது கெட்டது?”

ஒரே நாளில் கெடவில்லை. மருந்துக்கு மருந்து படியிறங்கியது. வெனிசுவேலாவின் கராகஸ் அருகே எடுத்த மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1947-இல் குளோராம்ஃபெனிகால் கிடைத்தது. மறு ஆண்டே கோலாலம்பூரில் டைஃபாய்டு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வாரக்கணக்கில் எரிந்த காய்ச்சல் சில நாளில் தணிந்தது. கால் நூற்றாண்டு அது ராஜாவாக இருந்தது. 1972-இல் மெக்சிகோவிலும், நமக்குப் பக்கத்திலேயே கோழிக்கோட்டிலும் அதற்கு அடங்காத டைஃபாய்டு பரவியது. எண்பதுகளின் இறுதியில் ஆம்பிசிலின், கோட்ரைமாக்சசோல் இரண்டையும் சேர்த்து மூன்றுமே போயின. சிப்ரோஃபிளாக்சசின் வந்தது, தொண்ணூறுகளிலேயே அதுவும் தளரத் தொடங்கியது. பிறகு செஃப்ட்ரியாக்சோன் ஊசி.

2016 இறுதியில் பாகிஸ்தானின் சிந்து மாகாண ஹைதராபாத்தில் கிளம்பிய டைஃபாய்டு இவை ஐந்துக்கும் அடங்கவில்லை. மரபணுவைப் படித்தபோது, செஃப்ட்ரியாக்சோனை முறிக்கும் ஆற்றல் பிளாஸ்மிட் என்ற தனி டிஎன்ஏ வளையத்தில் இருந்தது. அது ஈ.கோலை போன்ற ஒரு குடல்வாசியிடமிருந்து கைமாறி வந்திருந்தது. மிச்சமிருந்தவை அசித்ரோமைசின் மாத்திரையும் கார்பபெனெம் ஊசியும்தான். 2019-இல் வங்கதேச ஆய்வாளர்கள் அசித்ரோமைசினைத் தாங்கும் டைஃபாய்டு கிருமியில் ஒரே ஒரு மரபணு எழுத்து மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

இதில் ஒரு விநோதம்: இந்தியாவில் பலகாலம் ஒதுக்கி வைத்திருந்த குளோராம்ஃபெனிகாலுக்கும் கோட்ரைமாக்சசோலுக்கும் இப்போது பல டைஃபாய்டு கிருமிகள் மறுபடி ‘எஸ்’ காட்டுகின்றன.

“டோஸை இரண்டு மடங்காக்கினால் கிருமி சாகாதா?”

சில மருந்துகளில் ஓரளவு முடியும். பெரும்பாலும் முடியாது. கிருமி மருந்தை வெட்டும் நொதியை உற்பத்தி செய்கிறது என்றால், நீங்கள் கூடுதலாக அனுப்புவதையும் அது வெட்டிக்கொண்டே இருக்கும். அதற்குள் உங்கள் சிறுநீரகமோ காதோ கெட்டுவிடும்.

“கொரோனா தடுப்பூசி ஒரு வருடத்தில் வந்தது. ஒரு ஆன்டிபயாட்டிக் கண்டுபிடிக்க ஏன் பத்து வருடம்?”

தடுப்பூசி நம் உடலுக்குக் கிருமியின் அடையாளத்தைக் காட்டினால் போதும். சண்டையை உடல் பார்த்துக்கொள்ளும். ஆன்டிபயாட்டிக் தானே உள்ளே போய்க் கொல்ல வேண்டும். அந்த ‘உள்ளே போவது’தான் குடல் கிருமிகளிடம் பெரும்பாடு. மேலே சொன்ன ஈ.கோலை, டைஃபாய்டு, ஷிகெல்லா, காலரா எல்லாமே கிராம் நெகட்டிவ் வகை. சாயம் போட்டால் மைக்ராஸ்கோப்பில் இளஞ்சிவப்பாகத் தெரிபவை. அவற்றுக்கு இரண்டு சவ்வுகள். வெளிச்சவ்வில் துளைபோன்ற சிறு வாசல்கள்; பெரிய மூலக்கூறு நுழையாது. தப்பி நுழைந்ததையும் வெளியே இறைத்துத் தள்ளப் பம்புகள் உண்டு. வெறும் நொதியைக் குழாயில் வைத்துச் சோதித்தால் அபாரமாக வேலை செய்யும் மூலக்கூறுகள், உயிருள்ள ஈ.கோலையின் முன்னால் வெறும் தண்ணீராகிவிடுவது இதனால்தான். எத்தனையோ திட்டங்கள் இந்தச் சுவரில் மோதியே நின்றுபோயின.

2017-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பால் ஹெர்கன்ரோதர் குழு நூற்றுக்கும் மேற்பட்ட மூலக்கூறுகளை ஈ.கோலைக்குள் விட்டு, எவை உள்ளே தங்குகின்றன என்று அளந்தது. நைட்ரஜன் கொண்ட ஓர் அமீன் தொகுதி, தட்டையான வடிவம், அதிகம் வளையாத உடல்: இந்த மூன்றும் இருந்தால் நுழைய வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. அதுவரை தடவித் தடவிப் போனவர்களுக்கு ஒரு கைவிளக்கு கிடைத்தது என்று சொல்லலாம். அதன்பின் எலி, நச்சுச் சோதனை, மனிதரிடம் மூன்று கட்டம் என்று ஆண்டுகள் ஓடுவது தனிக்கணக்கு.

“எல்லாக் கிருமியையும் ஒரே அடியில் கொல்லும் பவர்ஃபுல் மருந்துதானே நல்லது?”

ஜன்னலில் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான், நான் அதிகம் மறுப்பதும் இதைத்தான். குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. இடத்தையும் உணவையும் அவை பிடித்து வைத்திருப்பதால்தான் வந்தேறிகளுக்கு வேர்பிடிக்க முடிவதில்லை. எல்லாரையும் அடிக்கும் மருந்தைக் கொடுத்தால் ஊரே காலியாகிவிடும். அப்போது குடியேறுவதில் கைதேர்ந்தது கிளாஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசில். மற்ற பாக்டீரியாக்கள் சாகும்போது வித்தாக உறங்கிக் கிடந்து, மருந்து நின்றதும் முளைத்து, நச்சைக் கக்கிப் பெருங்குடலைப் புண்ணாக்கும். ஆன்டிபயாட்டிக் பேதிக்கும் இதற்கும் உள்ள தொடர்பு 1978-இல் உறுதியானது.

அதற்குக் கொடுக்கும் வான்கோமைசின் டிஃபிசிலைக் கொல்கிறது. கூடவே மற்றவற்றையும் கொல்கிறது. எனவே நோய் திரும்பி வருகிறது. 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபிடாக்சோமைசின் குறுகிய வட்டத்தில் அடிக்கும். இரண்டையும் ஒப்பிட்ட சோதனையில் குணமானோர் விகிதம் ஏறக்குறைய சமம். ஆனால் நோய் திரும்பியவர்கள் வான்கோமைசின் பக்கம் சுமார் 25 சதவீதம், ஃபிடாக்சோமைசின் பக்கம் சுமார் 15. கொல்லும் திறமையில் வேறுபாடு இல்லை. எதை விட்டுவைத்தது என்பதில்தான் வேறுபாடு. குடல் தொற்றுக்கு மருந்து தேடும் வேலை இன்று இந்தப் பக்கம்தான் திரும்பியிருக்கிறது.

“நல்ல கிருமியை விட்டுவிட்டுக் கெட்டதை மட்டும் கொல்லும் மருந்து வந்துவிட்டதாமே?”

லோலமைசினைக் கேட்கிறீர்கள். 2024-இல் மேற்சொன்ன இல்லினாய் குழு வெளியிட்டது. கிராம் நெகட்டிவ் கிருமிகள் தங்கள் வெளிச்சவ்வுக்கு வேண்டிய கொழுப்புப் புரதங்களை உள்ளேயிருந்து சுமந்துபோய்ச் சேர்க்க ‘லோல்’ என்ற ஏற்பாட்டை வைத்திருக்கின்றன. லோலமைசின் அந்தச் சுமக்கும் வேலையைத் தடுக்கிறது. ஈ.கோலை, கிளெப்சியெல்லா, என்டெரோபாக்டர் மூன்றிலும் லோல் புரதம் ஒரே ஜாடை. குடலில் வாழும் சாதுவான கிராம் நெகட்டிவ்களில் ஜாடை வேறு. வெளிச்சவ்வே இல்லாத கிராம் பாசிட்டிவ் வகையிடம் அந்த ஏற்பாடே கிடையாது. ஆகவே மருந்து ஆள் பார்த்து அடிக்கிறது.

எலிகளில் காட்டியதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அமாக்சிசிலினோ கிளிண்டாமைசினோ கொடுத்த எலிகளின் குடலில் நுண்ணுயிர்க் கூட்டம் கலைந்தது; பிறகு டிஃபிசிலை விட்டபோது அது பெருகியது. லோலமைசின் பெற்ற எலிகளில் கூட்டம் கலையவில்லை, டிஃபிசிலும் காலூன்றவில்லை. ஆனால் இவை எலிகள். மருந்துக்கடையில் கேட்டுவிட்டு வந்து என்னிடம் கோபப்பட்டவர் ஒருவர் உண்டு. செய்தித்தாளில் ‘கண்டுபிடிப்பு’ என்று வருவதற்கும் அட்டைப்பெட்டியில் மாத்திரை வருவதற்கும் நடுவில் பெரும்பாலான மருந்துகள் விழுந்துவிடுகின்றன.

“இப்போதுதான் ஏஐ வந்துவிட்டதே. அது கண்டுபிடித்துக் கொடுத்துவிடாதா?”

உதவுகிறது. 2020-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகக் குழு 2,300-க்கும் மேற்பட்ட மூலக்கூறுகளை வைத்துக் கணினிக்குப் பயிற்சி கொடுத்து, 6,000-க்கும் மேற்பட்ட மருந்துப் பொருள்களைச் சலிக்க வைத்தது. சர்க்கரை நோய்க்காக ஆராயப்பட்டுக் கிடப்பில் இருந்த ஒன்று மேலே வந்தது. ஹாலிசின் என்று பெயரிட்டார்கள். எலியில் டிஃபிசிலை அடக்கியது.

2025-இல் வந்த என்டெரோலோலின் விஷயத்தில் செய்திகள் கொஞ்சம் குழப்பிவிட்டன. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜான் ஸ்டோக்ஸ் குழு கிரோன் குடலழற்சியோடு தொடர்புடைய ஈ.கோலைக்கு எதிராக அதைக் கண்டெடுத்தது. மூலக்கூறைப் பிடித்தது ஆய்வகத்தில் சலித்தெடுக்கும் வழக்கமான வேலைதான். அது கிருமியில் எந்த இடத்தில் ஒட்டுகிறது என்பதைக் கணினி ஊகித்தது. மறுபடி அதே லோல். அந்த ஊகத்தை ஆய்வகத்தில் சரிபார்த்தார்கள். பழைய முறையில் ஆண்டுகள் பிடிக்கும் வேலை மாதங்களில் முடிந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள்: மாற்றம் எதுவும் செய்யாத இயல்பான ஈ.கோலைக்குள் அது தனியாக நுழையத் திணறியது. வெளிச்சவ்வை நெகிழ்த்தும் இன்னொரு பொருளைத் துணைக்குச் சேர்த்துத்தான் எலிக்குக் கொடுத்தார்கள். கணினி வந்தாலும் அந்த இரட்டைச் சுவர் அங்கேயேதான் நிற்கிறது.

“குடல் நோய்தானே? ரத்தத்தில் கலக்காமல் வயிற்றிலேயே நிற்கும் மருந்து போதாதா?”

டிஃபிசிலுக்குப் போதும். அது குடலின் உள்ளறையில் வாழ்கிறது. வான்கோமைசினை வாய்வழி கொடுத்தால் உடலில் ஏறக்குறைய உறிஞ்சப்படுவதே இல்லை. முழுதும் நோய் இருக்கும் இடத்துக்கே போய்ச் சேரும். அதையே ஊசியாகப் போட்டால் டிஃபிசிலுக்குப் பயனில்லை.

டைஃபாய்டுக்கு இது தலைகீழ். கிருமி குடலில் நுழைந்தாலும் அங்கே தங்குவதில்லை. சுவரைக் கடந்து, நம்மைக் காக்கவேண்டிய வெள்ளணுக்களுக்குள்ளேயே புகுந்துகொண்டு கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை என்று பயணப்படும். ரத்தத்தில் ஏறாத மருந்து அதைத் தொடவே முடியாது. ஏறினாலும் அணுவுக்குள் நுழைய வேண்டும். அசித்ரோமைசின் அணுக்களுக்குள் நன்றாகச் சேர்கிறது. செஃப்ட்ரியாக்சோன் அவ்வளவாகச் சேர்வதில்லை. தட்டில் ‘எஸ்’ காட்டிய மருந்துக்கும் காய்ச்சல் இறங்கச் சில நாள் பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆக ‘குடல் தொற்றுக்கான மருந்து’ என்று ஒரே மருந்தை வடிவமைக்க வழியில்லை.

“ஒரு மருந்து சோதனையில் தோற்றுவிட்டது என்கிறார்கள். அப்படியென்றால் வேலை செய்யவில்லை என்றுதானே அர்த்தம்?”

எப்போதும் அப்படி இல்லை. ரிடினிலசோல் டிஃபிசிலுக்கென்றே செய்த மருந்து. 2021 இறுதியில் அதன் மூன்றாம் கட்ட முடிவு வந்தது. குணமாகி, நோய் திரும்பாமலும் இருந்தவர்கள் 73 சதவீதம்; வான்கோமைசினில் 70.7. ‘வான்கோமைசினைவிட மேல்’ என்று நிரூபிப்பதுதான் போட்டி என்பதால் தோல்வி. ஆனால் நோய் திரும்பிய விகிதத்தை மட்டும் பார்த்தால் 8.1-க்கு எதிராக 17.3, அதாவது பாதிக்கும் கீழே. குடலைக் கலைக்காத மருந்துதான் அது. முன்கூட்டி எழுதிவைத்த கேள்வி வேறாக இருந்தது. விதி சரிதான், ஆட்டம் முடிந்த பிறகு கோல்கம்பத்தை நகர்த்த விடக்கூடாது. ஆனாலும் அந்த முடிவை வாசித்த அன்று எனக்கு மனம் ஆறவில்லை.

“பெரிய கம்பெனிகள் ஏன் இதில் இறங்குவதில்லை? லாபம் இல்லையா?”

இல்லை. ரத்த அழுத்த மாத்திரையை ஆயுள் முழுக்கச் சாப்பிடுகிறோம். ஆன்டிபயாட்டிக் ஏழு நாள். அதிலும் புதியது என்றால் ‘பூட்டி வையுங்கள், அவசரத்துக்கு மட்டும்’ என்கிறோம். விற்காதே என்று சொல்லி ஒரு சரக்கைச் செய்யச் சொன்னால் யார் செய்வார்கள்? அமெரிக்காவின் அகேயோஜென் நிறுவனம் பிளாசோமைசின் என்ற புதிய ஆன்டிபயாட்டிக்குக்கு 2018 ஜூனில் அனுமதி பெற்றது. 2019 ஏப்ரலில் திவால் மனு கொடுத்தது. மருந்து நல்ல மருந்துதான்.

பிரிட்டன் 2022-இல் வேறு வழி பார்த்தது. இரண்டு மருந்துகளுக்கு ஆண்டுக்குத் தலா ஒரு கோடி பவுண்டு வரை சந்தாபோலக் கொடுத்துவிட ஒப்புக்கொண்டது. எத்தனை குப்பி பயன்பட்டது என்பது கணக்கில்லை. தீயணைப்பு நிலையத்துக்குத் தீ எண்ணிக்கையைப் பார்த்தா சம்பளம் கொடுக்கிறோம்?

“நம் ஊரில் யாரும் இதைச் செய்வதில்லையா?”

செய்கிறார்கள். சென்னையின் ஆர்கிட் நிறுவனத்தில் உருவான என்மெட்டசோபாக்டம், செஃபெபிம் என்ற பழைய மருந்தோடு சேர்ந்து 2024 பிப்ரவரியில் அமெரிக்க அனுமதி பெற்றது. சிக்கலான சிறுநீர்த் தொற்றுக்கானது. ஆனால் அந்தத் தொற்றைச் செய்வது பெரும்பாலும் குடலிலிருந்து போன ஈ.கோலைதான். மருந்தை வெட்டும் நொதியின் வாயை இது அடைத்துவிடும். செஃபெபிம் தன் வேலையைப் பார்க்கும்.

ஆனால் என்டிஎம் என்ற நொதியிடம் (‘என்டி’ என்பது நியூ டெல்லி) இந்த அடைப்பான் செல்லாது. துத்தநாகத்தைக் கொண்டு வெட்டும் அந்த வகையே வேறு. டெல்லி வந்துபோன ஒரு ஸ்வீடன்வாசியின் உடலில் 2008-இல் அது முதலில் தெரிந்தது. 2010-இல் அதன் பரவலை விவரித்த கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி. நாட்டின் பெயரைக் கெடுத்துவிட்டார்கள் என்று அப்போது எழுந்த கூச்சலில் கிருமியைப் பற்றிய பேச்சு அமுங்கிப்போனது. அடுத்த ஆண்டே டெல்லியின் தேங்கிய நீரில் எடுத்த 171 மாதிரிகளில் 51-லும், 50 குழாய்நீர் மாதிரிகளில் இரண்டிலும் அந்த நொதியைச் செய்யும் மரபணு இருந்ததாக ஆய்வு வந்தது. ஷிகெல்லாவிலும் காலரா கிருமியிலும்கூட இருந்தது.

“புது மருந்துக்கும் ரெசிஸ்டன்ஸ் வந்துவிட்டால் எல்லாம் வீண்தானே?”

வரும். லோலமைசினுக்கேகூட, லோல் புரதத்தில் மாற்றம் கொண்ட கிருமிகளை ஆய்வகத்திலேயே பார்த்துவிட்டார்கள். வீண் என்று சொல்ல மாட்டேன். குளோராம்ஃபெனிகால் கால் நூற்றாண்டு உயிர்களைக் காத்தது.

சிக்கலான உதாரணம் ஒன்று. ரிஃபாக்சிமின் வயிற்றிலேயே நிற்கும் மருந்து. ரத்தத்தில் ஏறாததால் ரெசிஸ்டன்ஸ் பயம் குறைவு என்று கருதி, கல்லீரல் நோயாளிகளுக்கு நீண்டகாலம் கொடுப்பார்கள். 2024-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு, அதை எடுத்தவர்களின் குடல் என்டெரோகாக்கஸ் கிருமிகள் டாப்டோமைசின் என்ற முற்றிலும் வேறான, கடைசிக்கட்ட மருந்தைத் தாங்கப் பழகியதைக் காட்டியது. ஒரு மருந்தைக் கொடுத்து, தொடாத இன்னொரு மருந்தை இழந்தோம்.

“தயிர் சாப்பிட்டால் நல்ல கிருமி திரும்பிவிடாதா?”

தயிர் நல்ல உணவு. கலைந்த ஊரை அது மறுபடி கட்டாது. திரும்பத் திரும்ப வரும் டிஃபிசிலுக்கு, ஆரோக்கியமானவரின் மல நுண்ணுயிர்களை நோயாளியின் குடலில் சேர்க்கும் சிகிச்சை உண்டு. முகம் சுளிக்காதீர்கள்: 2013-இல் வெளியான டச்சுச் சோதனையில் ஒரே முறையில் 16 பேரில் 13 பேர் குணமானார்கள், வான்கோமைசின் மட்டும் பெற்ற 13 பேரில் நால்வர். 2023-இல் அமெரிக்கா அதன் மாத்திரை வடிவத்துக்கே அனுமதி கொடுத்துவிட்டது.

“தடுப்பூசி போட்டுவிட்டால் இந்தத் தலைவலியே இல்லையே?”

டைஃபாய்டுக்கு ஓரளவு உண்மை. தடுப்பூசி போட்ட குழந்தைக்குக் காய்ச்சலே வராவிட்டால் மருந்தும் வேண்டாம், கிருமிக்குப் பழக வாய்ப்பும் இல்லை. நேபாளச் சோதனையில் டைஃபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசி சுமார் 80 சதவீதம் காத்தது. மேலே சொன்ன சிந்து ஹைதராபாத் கிருமியை எதிர்க்கப் பாகிஸ்தான் போட்டது தெலங்கானா ஹைதராபாத்தில் தயாரான ஊசியைத்தான். 2019-இல் அதைத் தேசியத் திட்டத்திலும் சேர்த்தது. ஷிகெல்லாவுக்கு அப்படிப் பரவலாகக் கிடைக்கும் தடுப்பூசி இன்னும் இல்லை.

“என் ரிப்போர்ட்டில் எல்லாமே ‘ஆர்’. நான் இப்போது என்ன செய்ய?”

முதலில், எல்லாமே என்பது பெரும்பாலும் முதல் வரிசை மருந்துகள் எல்லாமே என்றுதான் பொருள். அவை தோற்றால் இரண்டாம் வரிசையைச் சோதிப்போம். அதற்கு இன்னொரு நாள் ஆகலாம். என்டிஎம் உள்ள கிருமிக்கும் அஸ்ட்ரியோனாமும் அவிபாக்டமும் சேர்ந்த மருந்து இருக்கிறது: முதலாவதை என்டிஎம்மால் வெட்ட முடியாது, வெட்டக்கூடிய மற்ற நொதிகளை இரண்டாவது தடுத்துவிடும்.

வீட்டில் மீதமிருக்கும் பழைய மாத்திரைகளை எடுத்து முயன்று பார்க்காதீர்கள். கழிப்பறை போய்வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சமைப்பவரும் கழுவட்டும். மருத்துவர் கூடுதல் மருந்துக்குச் சோதிக்கச் சொன்னால் புதிதாக மாதிரி கொடுக்க வேண்டியதில்லை. ரிப்போர்ட்டின் மேல்மூலையில் இருக்கும் மாதிரி எண்ணைச் சொல்லுங்கள். அந்தக் கிருமியை ஒரு வாரம் குளிர்பெட்டியில் வைத்திருப்போம்.